கேட்கிற விலை ஒன்று, எழுதுகிற விலை ஒன்று: டர்பனில் வீட்டுக்கு ஆஃபர் போடும் முன்

"ஆஃபர்தானே, போட்டு வைப்போம். பிடிக்கலைன்னா விட்டுடலாம்." சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட் பக்கம் வீடு தேடும் நம் ஆட்கள் இதைச் சொல்லிக்கொண்டேதான் பேனாவை எடுக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் அப்படி விட முடியாது. ஆஃபர் டு பர்ச்சேஸ் என்று ஏஜென்ட் நீட்டும் தாளில் நீங்களும் விற்பவரும் கையெழுத்திட்டுவிட்டால் அதுவே விற்பனை ஒப்பந்தம். அதற்குப் பிறகு "சேல் அக்ரிமென்ட்" என்று வேறொன்று வருவதில்லை. மனம் மாறினால் ஐந்து நாளில் விலகலாம் என்று யாராவது சொன்னால், அந்த உரிமை 250,000 ராண்டும் அதற்குக் கீழும் விலை போகும் சொத்துக்கு மட்டும்தான் என்று தெரிந்துகொள்ளுங்கள். இன்று எந்த வீடு அந்த விலைக்குக் கிடைக்கிறது?

இதற்கு மறுபக்கமும் உண்டு. வாய்ப்பேச்சில் முடித்த நில விற்பனைக்கு எந்த மதிப்பும் இல்லை. 1981ஆம் ஆண்டின் நில விற்பனைச் சட்டப்படி அது எழுத்தில் இருக்க வேண்டும், இருவரும் கையெழுத்திட்டிருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் "ஓகே அங்கிள், டீல்" என்று வந்தால் அது ஒப்பந்தம் ஆகாது. மின்னணுக் கையெழுத்தைப் பொதுவாக ஏற்கும் 2002ஆம் ஆண்டுச் சட்டமும் நில விற்பனையை விலக்கியே வைத்திருக்கிறது. ஆகவே பேனாவால் போடுங்கள், ஒவ்வொரு பக்கத்திலும் சுருக்கொப்பம் இடுங்கள். கோயிலில் பார்த்துப் பழகியவர், மாமனாரின் நண்பர் என்று கைகுலுக்கி முடிக்கும் வியாபாரத்துக்கும் இதேதான் விதி.

கையெழுத்துக்குப் பிறகு பேரத்துக்கு இடமில்லை என்பதால் விலைக் கணக்கையும் நிபந்தனைக் கணக்கையும் அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். முதலில் விலை.

கேட்கிற விலை எங்கிருந்து வருகிறது

விளம்பரத்தில் இருக்கும் தொகையில் மூன்று பகுதி உண்டு. விற்பவர் தன் கைக்கு வர வேண்டும் என்று நினைக்கும் தொகை, ஏஜென்ட் கமிஷன், பேரத்துக்காக ஏற்றி வைத்த கொசுறு. கமிஷனைக் கொடுப்பவர் விற்பவர்தான், ஆனால் அது விலைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. 1,250,000 ராண்டு கேட்கும் வீட்டில் கமிஷன் 6 சதவீதம் என்று வையுங்கள். அதன் மேல் 15 சதவீத வாட் சேர்ந்தால் 6.9 சதவீதம், அதாவது 86,250 ராண்டு. விற்பவர் கைக்கு வருவது 1,163,750. இந்தக் கணக்கு தெரிந்திருந்தால் இரண்டு விஷயம் புரியும். ஏஜென்ட் இல்லாமல் நேரே விற்பவர் பக்கத்து வீட்டு விளம்பர விலையையே கேட்டால், கமிஷன் தொகையையும் உங்களிடமிருந்து தன் பைக்கு எடுத்துக்கொள்கிறார். ஏஜென்ட் வழியாக வரும் வீட்டில் கடைசி முப்பதாயிரத்தில் பேச்சு முறியும்போது, கமிஷனில் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. கமிஷன் விகிதத்தைச் சட்டம் நிர்ணயிக்கவில்லை, அது பேசி முடிவாவது.

ப்ராப்பர்ட்டி24, பிரைவேட் ப்ராப்பர்ட்டி போன்ற தளங்களின் விற்பனை விளம்பரங்களில் பார்ப்பதெல்லாம் கேட்கும் விலை. விற்ற விலை அந்த விளம்பரங்களில் இருக்காது. "இந்தத் தெருவில் எல்லாம் ஒன்றரை மில்லியன்" என்று சொல்பவர் மற்ற விற்பவர்களின் ஆசையைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறார். ஆனாலும் அந்தத் தளங்களால் ஒரு பயன் உண்டு. ஒரே வீடு மூன்று ஏஜென்டுகளிடம் மூன்று விலையில் நின்றால் அது ஓப்பன் மாண்டேட், அதாவது பல ஏஜென்டுகளிடம் ஒரே நேரத்தில் விற்கக் கொடுத்த வீடு. இருப்பதில் குறைந்த விலையே உங்கள் பேச்சின் ஆரம்பம். வீட்டை முதல் நாளிலிருந்து கவனித்து, விலை குறைந்த தேதிகளைக் குறித்து வையுங்கள். மூன்று மாதம் தாண்டியும் நிற்கும் வீட்டின் ஏஜென்டிடம் நேராகக் கேளுங்கள்: "இதுக்கு முன்னாடி ஆஃபர் வந்து விழுந்ததா? எதனால விழுந்தது?" வாங்க வந்தவருக்குக் கடன் கிடைக்கவில்லை என்பது ஒரு பதில். வங்கியின் மதிப்பீட்டாளர் விலையை ஏற்கவில்லை என்பது முற்றிலும் வேறு பதில். இரண்டாவதாக இருந்தால் உங்கள் வங்கியும் பெரும்பாலும் அதையே சொல்லும்.

மாநகராட்சி மதிப்பீட்டை வைத்து வாதாடாதீர்கள். டர்பன் மாநகராட்சியான எத்தேக்வினியின் ரேட்ஸ் (சொத்து வரி) பில்லில் இருக்கும் மதிப்பு, குறிப்பிட்ட ஒரு தேதியை வைத்து ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு மொத்தமாகக் கணக்கிட்டது. யாரும் உள்ளே வந்து சமையலறையையோ கூரையையோ பார்க்கவில்லை. அது அதிகமாக இருந்தால் விற்பவர் காட்டுவார், குறைவாக இருந்தால் வாங்குபவர் காட்டுவார். மாதாமாதம் ரேட்ஸ் எவ்வளவு வரும் என்று தெரிந்துகொள்ள மட்டும் அந்த பில்லைக் கேட்டு வாங்குங்கள்.

பதிவான விலைகள்

நம்பத்தக்கது பதிவான விலைதான். குவாசுலு-நட்டால் முழுவதற்குமான பத்திரப் பதிவு பீட்டர்மரிட்ஸ்பர்க் டீட்ஸ் ஆபீஸில் நடக்கிறது. யார் வேண்டுமானாலும் சிறு கட்டணம் கட்டி டீட்ஸ்வெப் என்ற இணையதளம் வழியாக ஒரு மனையின் உரிமையாளர், வாங்கிய விலை, வாங்கிய தேதி, அதன் மேல் இருக்கும் பாண்ட் (வீட்டுக் கடன் அடமானம்) எல்லாவற்றையும் பார்க்கலாம். லைட்ஸ்டோன், வின்டீட் போன்ற நிறுவனங்கள் அதே விவரத்தைச் சுற்றுப்புற விற்பனைகளோடு சேர்த்து அறிக்கையாக விற்கின்றன. ஏஜென்ட் காட்டும் சிஎம்ஏ என்ற ஒப்பீட்டு அறிக்கையும் இந்த ஊற்றிலிருந்துதான் வருகிறது. அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள், ஆனால் கடைசிப் பக்கத்து முடிவை விட்டுவிட்டு விற்பனைப் பட்டியலை மட்டும் படியுங்கள்.

பட்டியலைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பதிவுத் தேதிக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே விலை பேசி முடிந்திருக்கும். ஜூனில் பதிவான விலை மார்ச் மாதத்துச் சந்தையைக் காட்டுகிறது. பிறகு களை எடுக்க வேண்டும்: அண்ணன் தம்பிக்குள் கைமாறியது, விவாகரத்தில் பாதிப் பங்கு மாறியது, வங்கி ஏலத்தில் போனது ஆகியவற்றையெல்லாம் நீக்குங்கள். நம் பகுதிகளில் இது மிக அதிகம். அப்பா மகனுக்குக் குறைந்த தொகைக்கு எழுதிக்கொடுத்த வீட்டைக் காட்டி "இந்தத் தெருவின் விலை இதுதான்" என்றால் விற்பவர் உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

மிஞ்சுவதில் ஒப்பிடத் தகுந்தவை நான்கைந்துதான் இருக்கும். சாட்ஸ்வர்த்தில் இந்தத் தேர்வுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். 1960களில் குரூப் ஏரியாஸ் சட்டத்தின் கீழ் மக்களைக் கொண்டுவந்து குடியமர்த்தக் கட்டிய இடம் இது. ஒரே சுவரை இரண்டு குடும்பங்கள் பகிரும் இரட்டை வீடும் தனி மனையில் நிற்கும் வீடும் சில நூறு மீட்டருக்குள்ளேயே இருக்கும். பேவியூவின் இரட்டை வீட்டு விலையைக் கொண்டு ஆரீனா பார்க்கின் தனி வீட்டை அளக்க முடியாது. யூனிட் என்று இங்கே சொல்லும் ஒரே குடியிருப்புப் பகுதிக்குள்ளும் சாலைக்கு மேலே ஏறிய மனைக்கும் சாலையிலிருந்து கீழே சரியும் மனைக்கும் விலை வேறு.

கற்பனை எண்களில் ஒரு கணக்கு. கேட்கும் விலை 1,295,000. மூன்று படுக்கையறை, இரண்டு குளியலறை, பின்னால் வாடகைக்கு விட்ட ஒரு கிரானி ஃப்ளாட், அதாவது அதே மனையில் தனியாகக் கட்டிய சிறு வீடு. பதிவானவற்றில் முதல் வீடு 1,180,000. அதில் ஒரு குளியலறை குறைவு, எனவே 60,000 கூட்டினால் 1,240,000. இரண்டாவது 1,260,000, அதில் சமையலறை புதிது, எனவே 70,000 கழித்தால் 1,190,000. மூன்றாவது 1,130,000, மனை சிறியது, 50,000 கூட்டினால் 1,180,000. ஆக, குறை எதுவும் இல்லாவிட்டால் இந்த வீடு 1,180,000 முதல் 1,240,000 வரை போகும். இப்போது குறைகளைக் கழிக்க வேண்டும். பின்பக்கத் தாங்குசுவர் பிளந்திருக்கிறது, சரிசெய்யக் கொத்தனார் எழுதிக்கொடுத்த தொகை 60,000. கிரானி ஃப்ளாட்டுக்கு மாநகராட்சி அங்கீகரித்த பிளான் இல்லை. வரைபடம், பொறியாளர், மாநகராட்சிக் கட்டணம் எல்லாம் சேர்த்து 45,000 என்று வையுங்கள். ஆக 105,000 போகிறது. மிஞ்சுவது 1,075,000 முதல் 1,135,000. ஆரம்ப ஆஃபர் 1,080,000 அளவில் இருக்கலாம், உச்சவரம்பு 1,135,000. இந்த உச்சவரம்பை வீட்டிலிருந்து கிளம்பும் முன் எழுதி வைத்துவிடுங்கள். விற்பவரின் வரவேற்பறையில் டீ குடித்துக்கொண்டே முடிவு செய்யும் விலை எப்போதும் கூடிப்போகும்.

கூட்டிக் கழிக்கும் தொகை செலவுக் கணக்கு ஆகாது. இரண்டு லட்சம் போட்டுச் செய்த சமையலறைக்கு வாங்குபவர் இரண்டு லட்சம் கூடுதலாகக் கொடுப்பதில்லை. நீச்சல்குளம், மார்பிள் தூண், வாசலில் பெரிய கேட் இவையெல்லாம் போட்ட காசைத் திருப்பித் தராதவை. கிழக்குப் பார்த்த வாசலும் தனிப் பூஜையறையும் உங்களுக்கு மதிப்புள்ளவை என்றால் அதற்காகக் கூடுதலாகக் கொடுக்கலாம். வங்கி அதற்குக் கடன் தராது என்பதை மட்டும் மறக்காதீர்கள். அந்தப் பணம் உங்கள் கையிலிருந்துதான் போகும்.

கிரானி ஃப்ளாட் வாடகையைக் காட்டி விலையை ஏற்றுவது இங்கே வாடிக்கை. "மாசம் 4,500 வருது, உங்க பாண்டில் பாதியை அதுவே கட்டிடும்" என்பார்கள். 10.5 சதவீத வட்டி, 20 வருடம் என்று வைத்தால் ஒரு மில்லியனுக்கு மாதத் தவணை ஏறக்குறைய 9,984 ராண்டு. அந்தக் கணக்கில் 4,500 வாடகை 450,000 கடனைச் சுமக்கும். விற்பவர் மனதில் ஓடும் கணக்கு இதுதான். பிளான் இல்லாத கட்டடத்தை மதிப்பீட்டாளர் கணக்கில் சேர்க்காமல் போகலாம், மாநகராட்சி இடிக்கச் சொல்லவும் சட்டத்தில் இடமிருக்கிறது. ஆகவே அந்த வாடகைக்கு முழு விலை கொடுக்காதீர்கள்.

ஐம்பதாயிரத்தைப் பெரிய தொகையாக நினைக்காமல் விட்டுக்கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். மேலே சொன்ன அதே வட்டியில் 50,000 என்பது மாதம் 499 ராண்டு. இருபது வருடத்தில் 119,800க்கு மேல்.

சொத்து கைமாறும்போது வாங்குபவர் கட்டும் வரியான டிரான்ஸ்ஃபர் டியூட்டி பற்றிய பயமும் விலைப் பேச்சைத் திசைதிருப்புகிறது. 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த அட்டவணையில் 1,210,000 வரை வரி இல்லை. அதற்கு மேல் 1,663,800 வரையுள்ள பகுதிக்கு 3 சதவீதம், அதைத் தாண்டி 2,329,300 வரை 6 சதவீதம். மேலே இருக்கும் பகுதிக்கு மட்டுமே வரி. 1,250,000க்கு வாங்கினால் 40,000க்கு 3 சதவீதம், வெறும் 1,200 ராண்டு. 1,800,000க்கு வாங்கினால் 21,786. இதற்குப் பயந்து "பத்திரத்தில் 1.2 போடுவோம், மிச்சத்தைக் கையில் கொடுங்கள்" என்பதற்குத் தலையாட்டாதீர்கள். வருவாய்த் துறையான சார்ஸ், எழுதிய விலை அல்லது நியாய மதிப்பு, இதில் எது கூடுதலோ அதற்குத்தான் வரி போடும். பொய் விலை எழுதுவது குற்றம். கையில் கொடுத்த பணத்துக்குச் சாட்சியும் இருக்காது. பில்டரிடம் புது வீடு வாங்கினால் விலைக்குள் வாட் இருக்கும், டிரான்ஸ்ஃபர் டியூட்டி கிடையாது.

வீட்டை உங்கள் பெயருக்கு மாற்றிப் பதியும் டிரான்ஸ்ஃபர் வக்கீலை விற்பவர் தேர்ந்தெடுக்கிறார், கட்டணம் நீங்கள் கட்டுகிறீர்கள். பாண்ட் பதியும் வக்கீலுக்குத் தனிக் கட்டணம். இரண்டுக்கும் முன்கூட்டியே எழுத்தில் மதிப்பீடு வாங்கி, வாங்கும் செலவோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டைப் பார்க்கும்போது

ஃபூட்ஸ்டூட்ஸ் என்ற சொல் ஒவ்வொரு ஆஃபரிலும் இருக்கும். "இருக்கிறபடியே" என்று பொருள். கண்ணுக்குத் தெரிந்த குறைக்கு விற்பவர் பொறுப்பில்லை. மறைந்திருந்த குறைக்கும் பொறுப்பில்லை. அது அவருக்குத் தெரிந்திருந்து வேண்டுமென்றே மறைத்தார் என்று நீங்கள் நிரூபித்தால்தான் உண்டு. நிரூபிப்பது கடினம், செலவும் அதிகம். பிளான் அனுமதி இல்லாததையும் இந்த விதி மூடிவிடும் என்று உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே பார்க்க வேண்டியதை ஆஃபருக்கு முன்பே பாருங்கள்.

டர்பனில் முதலில் பார்க்க வேண்டியது சரிவு. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்த மாநகரத்திலும் சுற்றுப்புறங்களிலும் 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். மண் சரிந்து வீடுகள் போனது சாட்ஸ்வர்த்திலும் நடந்தது. உம்லாத்துசானா, உம்லாஸ் ஆறுகளுக்கு இடையே மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் இடம் அது. கடலோர மேடுகளில் இருக்கும் பெரியா சிவப்பு மணல் காய்ந்திருக்கும்போது உறுதியாகத் தெரியும், தண்ணீர் ஊறினால் அமிழ்ந்துபோகும். எனவே நல்ல மழைக்கு மறுநாள் போய்ப் பாருங்கள். தாங்குசுவரில் தண்ணீர் வடியும் துளைகள் இருக்கின்றனவா, அவற்றில் தண்ணீர் வந்த தடம் தெரிகிறதா, சுவர் வெளிப்பக்கம் வயிறு தள்ளியிருக்கிறதா, மேல்வீட்டு மழைநீர் எங்கே இறங்குகிறது என்பதைக் கவனியுங்கள். சுவர் வெடிப்புகளில் மயிரிழை அளவுக்குப் பயப்பட வேண்டாம். செங்கல் இணைப்புகளில் படிக்கட்டுபோல் ஏறும் வெடிப்பு, ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் அகன்ற வெடிப்பு, கதவுச் சட்டம் கோணிப்போன இடம் இவற்றுக்குப் பொறியாளர் வர வேண்டும். வெள்ளத்துக்குப் பிறகு காப்பீடு கோரினார்களா, நிறுவனம் கொடுத்ததா மறுத்ததா என்றும் கேளுங்கள். கடன் தரும் வங்கி கட்டடக் காப்பீடு இல்லாமல் பணம் விடாது.

கூரை அடுத்தது. சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் பழைய வீடுகள் பலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இன்னும் இருக்கிறது. நாட்டில் அதன் பயன்பாடு 2008இல் தடை செய்யப்பட்டது. ஏற்கெனவே இருக்கும் கூரை சட்டவிரோதம் இல்லை. ஆனால் மாற்றும் நாளில் சாதாரண ஆளை ஏற்றிப் பிரிக்க முடியாது, பதிவு பெற்ற ஒப்பந்ததாரர்தான் எடுக்க வேண்டும். அவரிடம் எழுத்தில் ஒரு மதிப்பீடு வாங்கி விலையில் கழியுங்கள்.

வீட்டில் எல்லாக் குழாயையும் மூடச் சொல்லிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பாருங்கள். முள் நகர்ந்தால் மண்ணுக்கடியில் கசிவு. பின்வளாகத்தில் மூடிகள் தெரிந்தால் அங்கே மாநகராட்சியின் கழிவுநீர்க் குழாய் போகிறது. இங்கே பல தெருக்களில் அந்தக் குழாய் வீடுகளின் பின்பக்கம் வழியாகத்தான் போகும், அதன்மேல் கட்ட அனுமதி கிடைக்காது. கிரானி ஃப்ளாட் அதன்மேல் நின்றால் பிளான் ஒருநாளும் பாஸாகாது. டொங்காட், வெருலம் பக்கம் தண்ணீர் வரத்தைப் பக்கத்து வீட்டில் விசாரியுங்கள். 2022 வெள்ளத்தில் டொங்காட் சுத்திகரிப்பு நிலையம் சிதைந்து, மக்கள் மாதக்கணக்கில் லாரித் தண்ணீருக்கு நின்றார்கள். பம்ப்போடு இருக்கும் ஜோஜோ டேங்க் (பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி) அங்கே உண்மையான மதிப்புள்ள பொருள்.

ஏஜென்ட் வழியாக விற்றால், விற்பவர் குறைகளை எழுதிக் கையெழுத்திட்ட அறிவிப்புப் படிவம் கட்டாயம். 2022 பிப்ரவரி 1இல் அமலுக்கு வந்த ப்ராப்பர்ட்டி பிராக்டிஷனர்ஸ் சட்டம் இதைச் சொல்கிறது. படிவம் இணைக்கப்படாவிட்டால், எந்தக் குறையையும் வாங்குபவரிடம் சொல்லவில்லை என்றே ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டும் என்பது சட்டம். அது உங்களுக்குச் சாதகம்தான். ஆனாலும் ஆஃபருக்கு முன்பே படிவத்தைக் கேட்டு வாங்கி, வெற்றிடமாக விட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பதில் எழுதச் சொல்லுங்கள். ஏஜென்ட் தொழில் செய்யக் கட்டாயமான ஃபிடெலிட்டி ஃபண்ட் சான்றிதழ் இந்த ஆண்டுக்குச் செல்லுமா என்றும் பாருங்கள். அது இல்லாதவருக்குக் கமிஷன் கேட்கவே உரிமையில்லை.

விற்பவர் உண்மையில் விற்கக்கூடியவரா

இதில்தான் நம் சமூகத்தில் அதிகம் அடிபடுகிறார்கள். தாத்தா பெயரிலேயே நிற்கும் வீடு. தாத்தா போய்ப் பதினைந்து வருடம் ஆகியிருக்கும். மூத்த மகன் வந்து "நாந்தான் பார்த்துக்கிறேன், தம்பி தங்கச்சி எல்லாம் சம்மதம்" என்று கையெழுத்திடுகிறார். அந்தக் கையெழுத்து செல்லாது. இறந்தவரின் சொத்தை நிர்வகிக்க உயர் நீதிமன்றத்தின் மாஸ்டர் அலுவலகம் நியமனக் கடிதம் கொடுத்த எக்ஸிக்யூட்டர்தான் விற்க முடியும், பதிவின்போது மாஸ்டரின் ஒப்புதலும் வேண்டும். எஸ்டேட்டே (இறந்தவரின் சொத்து நிர்வாகக் கோப்பு) திறக்கப்படவில்லை என்றால், வீடு எவ்வளவு மலிவாக இருந்தாலும் மாதக்கணக்கில் காத்திருக்கத் தயாரா என்று முதலில் யோசியுங்கள். காத்திருக்கும் காலத்தில் முன்பணம் என்று ஒரு ராண்டுகூடக் கையில் கொடுக்காதீர்கள்.

கூட்டுச் சொத்து முறையில் திருமணமானவர்கள் விற்கும்போது கணவன் மனைவி இருவரும் கையெழுத்திட வேண்டும், வாங்கும்போதும் இருவரும் இடுவது நல்லது. தாலி கட்டி, சடங்கெல்லாம் முறைப்படி நடந்து, ஆனால் அரசில் பதிவு செய்யாத திருமணங்கள் நம்மிடம் ஏராளம். பத்திரத்தில் அவர்கள் திருமணமாகாதவர்கள் என்றுதான் எழுதப்படுவார்கள். கணவர் பெயரில் மட்டும் வாங்கினால் பத்திரம் மனைவிக்கு எந்தப் பங்கும் தராது. இருவரும் தவணை கட்டப் போகிறார்கள் என்றால் ஆஃபரிலேயே இருவர் பெயரையும் வாங்குபவர்களாக எழுதுங்கள். பின்னால் சேர்ப்பது என்றால் இன்னொரு முறை வக்கீல் கட்டணம்.

பின்கட்டில் வாடகைக்காரர் இருந்தால் அவருடைய ஒப்பந்தத்தைக் கேட்டுப் படியுங்கள். வீடு கைமாறினாலும் வாடகை ஒப்பந்தம் கலையாது, புது உரிமையாளர் அதை மதிக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்தும் போகாதவரை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வெளியேற்ற முடியாது. வீடு காலியாக வேண்டும் என்றால் "காலி செய்து ஒப்படைப்பது விற்பவர் பொறுப்பு, இந்தத் தேதிக்குள்" என்று எழுதுங்கள்.

தாளில் எழுத வேண்டியவை

விலை, முன்பணம், எவ்வளவு கடன், எந்தத் தேதிக்குள் வங்கி ஒப்புதல் என்பது இதயப் பகுதி. "பாண்ட் கிடைத்தால்" என்று மொட்டையாக விடக் கூடாது. "1,000,000 ராண்டுக்குக் குறையாத கடன், 30 நாளுக்குள்" என்று தொகையும் தேதியும் வேண்டும். தொகை இல்லாவிட்டால் வங்கி 850,000 மட்டும் தந்தாலும் நிபந்தனை நிறைவேறிவிட்டது என்று மறுதரப்பு வாதிடும். அந்தத் தேதி நெருங்கி ஒப்புதல் வரவில்லை என்றால், தேதி தீரும் முன்பே நீட்டிப்பை எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். தேதி கடந்துவிட்டால் ஒப்பந்தம் செத்துவிடும், பிறகு போடும் நீட்டிப்பு அதை எழுப்பாது.

உங்கள் பழைய வீட்டை விற்றுத்தான் வாங்க முடியும் என்றால் அதையும் நிபந்தனையாக்குங்கள். விற்பவர் பதிலுக்கு 72 மணி நேர விதி கேட்பார்: வேறு நல்ல ஆஃபர் வந்தால் உங்களுக்கு 72 மணி நேரம் கொடுத்து, நிபந்தனையை நீங்கள் கைவிடாவிட்டால் அந்தப் புது ஆளுக்கு விற்றுவிடலாம். கேட்பது நியாயம்தான். மணிக்கணக்கு வார இறுதியையும் விடுமுறையையும் சேர்க்குமா என்பதை மட்டும் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

ஆஃபருக்கு முடிவு நேரம் கொடுங்கள், 48 மணி நேரம் போதும். நேரம் இல்லாத ஆஃபரைக் கையில் வைத்துக்கொண்டு ஏஜென்ட் அடுத்தவரிடம் கூடுதல் கேட்கப் போவார். விற்பவர் ஒரு எண்ணை வெட்டி வேறு எண் எழுதினால் உங்கள் ஆஃபர் அதோடு முடிந்தது. அது இப்போது அவருடைய ஆஃபர். நீங்கள் அந்தத் திருத்தத்தில் சுருக்கொப்பம் இட்டால்தான் ஒப்பந்தம். அவசரப்படாமல் உச்சவரம்பை எழுதிய தாளை எடுத்துப் பாருங்கள்.

சான்றிதழ்கள்: மின்சாரச் சான்றிதழ் இரண்டு வருடத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. கேஸ் இணைப்பு, மின்வேலி இருந்தால் அவற்றுக்கும் வேண்டும். மரப்பூச்சிச் சான்றிதழைச் சட்டம் கேட்பதில்லை, ஆனால் நம் கடலோரத்தில் கேட்பது வழக்கம். யார் செலவு என்பதை எழுதுங்கள். கிரானி ஃப்ளாட் இருந்தால் "அங்கீகரித்த பிளானை விற்பவர் இந்தத் தேதிக்குள் தர வேண்டும், தராவிட்டால் ஒப்பந்தம் ரத்து, முன்பணம் திரும்பும்" என்ற வரி அவசியம். அல்லது பிளான் இல்லாமலே ஏற்கிறேன் என்று விலையைக் குறையுங்கள். இரண்டும் கெட்டானாக விடாதீர்கள். கேட் மோட்டார், இன்வெர்ட்டர், சோலார் பேனல், ஜோஜோ டேங்க், அடுப்பு எதெல்லாம் வீட்டோடு நிற்கும் என்று பெயர் சொல்லிப் பட்டியலிடுங்கள்.

அச்சிட்ட படிவத்தில் இரண்டு வரிகளை நின்று படியுங்கள். வாங்குபவர் பின்வாங்கினால் ஏஜென்ட் கமிஷனை அவரே கட்ட வேண்டும் என்பது ஒன்று. "இந்த வீட்டை வேறு ஏஜென்ட் எனக்குக் காட்டவில்லை" என்ற உறுதிமொழி இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை ஷோ டேயில் ஒருவர் காட்டிய வீட்டை மறுவாரம் இன்னொருவர் வழியாக வாங்கினால், முதலாமவர் கமிஷன் கேட்டு வரலாம், அந்த உறுதிமொழி உங்கள் கழுத்தில் தொங்கும்.

பழைய ரேட்ஸ், தண்ணீர்க் கடன் பற்றி அதிகம் கவலை வேண்டாம். கடந்த இரண்டு வருட பாக்கி தீராமல் மாநகராட்சியின் கிளியரன்ஸ் சான்றிதழ் கிடைக்காது, கிளியரன்ஸ் இல்லாமல் பதிவும் நடக்காது. அதற்கு முந்தைய கடன் புது உரிமையாளர் தலையில் விழாது என்று 2017இல் அரசியலமைப்பு நீதிமன்றமே சொல்லிவிட்டது.

முன்பணத்தை ஏஜென்ட் கணக்கிலோ விற்பவர் கையிலோ கொடுக்காமல், டிரான்ஸ்ஃபர் வக்கீலின் டிரஸ்ட் கணக்கில் போட்டு, வட்டி உங்களுக்குச் சேர வேண்டும் என்று எழுதிக்கொடுங்கள். வங்கிக் கணக்கு எண் மின்னஞ்சலில் வந்தால் அதை நம்பி அனுப்ப வேண்டாம். திருடர்கள் நடுவில் புகுந்து எண்ணை மாற்றிவிடுகிறார்கள். அப்படி 5.5 மில்லியன் ராண்டை இழந்த ஒருவரின் வழக்கில், சரிபார்த்துக்கொள்ள அவருக்கே வழியிருந்தது என்று சொல்லி, வக்கீல் நிறுவனத்தைப் பொறுப்பாக்க உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024இல் மறுத்துவிட்டது. நீங்களே தேடி எடுத்த தொலைபேசி எண்ணில் அலுவலகத்தை அழைத்து, கணக்கு எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சரிபார்த்த பிறகு பணம் அனுப்புங்கள்.

கடைசியாகக் குடிபுகும் நாள். வங்கி ஒப்புதலுக்குப் பிறகு பதிவாக இரண்டு மூன்று மாதம் ஆகும், எந்த நாளில் பதிவாகும் என்று வக்கீலாலும் உறுதி சொல்ல முடியாது. ஆடிக்கு முன் பால் காய்ச்ச வேண்டும் என்று தேதி குறித்திருந்தால், ஏப்ரலில் ஆஃபர் போட்டு ஜூலைத் தொடக்கத்தை நம்புவது ஆபத்து. ஆஃபரில் குடிபுகும் தேதியையும், பதிவு அதற்குப் பிந்தினால் நீங்கள் விற்பவருக்குக் கட்டும் மாத வாடகைத் தொகையையும், அவர் தாமதமாகக் காலி செய்தால் உங்களுக்குக் கட்டும் அதே தொகையையும் எண்ணால் எழுதிவிடுங்கள். அப்போது பத்திரம் பீட்டர்மரிட்ஸ்பர்க்கில் கிடந்தாலும் நல்ல நாளில் சாவி உங்கள் கையில் இருக்கும்.